விபத்தில் ஒருவர் இறந்த வழக்கில், பணம் கட்டினார் என்று அப்பீலில் தண்டனையைக் குறைப்பது நியாயமா?

உங்கள் சித்தப்பா ரோட்டைக் கடக்கும்போது கார் மோதி இறந்துவிட்டார், மாஜிஸ்திரேட் கோர்ட் ஓட்டியவருக்கு ஒரு வருஷம் போட்டது, அப்பீலில் செஷன்ஸ் கோர்ட் "நஷ்டஈடு கட்டிவிட்டார், உள்ளே இருந்த நாட்களே போதும்" என்று விட்டுவிட்டது, இது நியாயமா, நாங்கள் மேலே போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பன்னிரண்டு வருஷமாக இந்த மாதிரி வழக்குகள் நடத்துகிற வக்கீல், அதுவும் பெரும்பாலும் டிரைவர்கள் பக்கம். அதனால் என் பதில் உங்களுக்கு முழுசாகப் பிடிக்காமல் போகலாம்.

பணம் கட்டினார் என்பது மட்டும்தான் காரணம் என்றால் அது நியாயமில்லை. இதைச் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. பஞ்சாபில் 2007-ல் ஒரு கார் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். ஓட்டியவருக்குக் கீழ்க்கோர்ட் ஒரு வருஷம் கொடுத்தது, ஐகோர்ட் போனதும் 85,000 ரூபாய் நஷ்டஈடு கொடுத்ததைப் பார்த்து, உள்ளே இருந்த 24 நாளே போதும் என்று குறைத்துவிட்டது. கிட்டத்தட்ட உங்கள் கதைதான். 2015-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை, ஆறு மாதம் உள்ளே இருக்க வேண்டும் என்றது. கூடவே, இந்தக் குற்றத்துக்கான தண்டனையையே சட்டம் இயற்றுகிறவர்கள் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியது. கவனியுங்கள், அப்படிச் சொன்ன கோர்ட்டும் பழைய ஒரு வருஷத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பம் என்ன ஆனது என்பதைவிட, ஓட்டியவர் மனசில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் எந்தப் பிரிவு என்று முடிவாகும். பழைய சட்டமான இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு என்றால் அஜாக்கிரதை, அதிகபட்சம் 2 வருஷம். இப்படி ஓட்டினால் யாராவது செத்துப்போவார்கள் என்று தெரிந்தும் ஓட்டினார் என்று நிரூபித்தால் 304-ன் இரண்டாம் பகுதி, அது 10 வருஷம் வரை போகும். 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில், கார்ட்டர் ரோடு நடைபாதையில் படுத்திருந்த தொழிலாளர்கள் மேல் அலிஸ்டர் பெரைரா என்ற இளைஞர் ஓட்டிவந்த கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ரத்தத்தில் 0.112 சதவீதம் ஆல்கஹால். சட்டம் அனுமதிப்பது 0.03. ஆனாலும் விசாரணைக் கோர்ட் அஜாக்கிரதை என்று மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு மாதம் கொடுத்தது! பம்பாய் ஐகோர்ட் பிரிவை மாற்றி மூன்று வருஷம் ஆக்கியது. 2012-ல் அவர் சுப்ரீம் கோர்ட் போனபோது, ஏழு உயிருக்கு மூன்று வருஷம் ரொம்பக் குறைவு, ஆனால் தண்டனையைக் கூட்டச் சொல்லி அரசு இங்கே மேல்முறையீடு செய்யவில்லை என்று சொல்லி, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இந்தத் தீர்ப்பை எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வரும்.

உங்கள் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், சின்ன பிரிவில் தண்டித்ததை எதிர்த்துச் செய்யலாம், நஷ்டஈடு போதாது என்றும் செய்யலாம். தண்டனை போதாது என்று மட்டும் மேல்முறையீடு செய்ய முடியாது, அந்த உரிமையைச் சட்டம் அரசுக்குத்தான் கொடுத்திருக்கிறது. உங்களுக்கு இருக்கிற வழி ஐகோர்ட்டில் சீராய்வு மனு, அதாவது கீழ்க்கோர்ட் தீர்ப்பு சரியா என்று பார்க்கச் சொல்லும் மனு. அதற்குத் தீர்ப்பு தேதியிலிருந்து 90 நாள்தான்.

அப்புறம், எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். என் கட்சிக்காரர் ஒருவர், சரக்கு வேன் டிரைவர். குடிக்கவில்லை, ஓடவில்லை, அடிபட்டவரை அவரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், வழியிலேயே அந்தப் பெரியவர் இறந்துவிட்டார். நன்னடத்தைச் சட்டத்தில், அதாவது ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதியின் பேரில் ஜெயிலுக்கு அனுப்பாமல், விடுங்கள் என்று கேட்டேன். தல்பீர் சிங் வழக்கில் 2000-லேயே சுப்ரீம் கோர்ட் அந்தச் சலுகை கூடாது என்று சொல்லிவிட்டதே என்றார் மாஜிஸ்திரேட், ஒரு வருஷம். அப்பீலில் மூன்று மாதமாகக் குறைந்தது. அவர் நஷ்டஈடு என்று கையிலிருந்து பத்து ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, அவரிடம் இல்லை. அந்தக் குறைப்பு சரியென்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஏனென்றால் நீதிபதி பார்த்தது அவர் மோதியதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தார் என்பதை. பணத்தை வைத்துக் குறைத்தால், என் வேன்காரர் உள்ளே இருப்பார், கார்காரர் வீட்டில் இருப்பார். கோபம் வர வேண்டியது அதற்குத்தான்.

சரி, என்ன செய்யலாம்? விபத்து, புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்ததா என்று பாருங்கள். முன்னால் என்றால் 2 வருஷத்துக்கு மேல் கேட்கவே முடியாது. பின்னால் என்றால் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1), 5 வருஷம் வரை இடமுண்டு. தீர்ப்பில் குறைத்ததற்கு வேறு காரணம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். வயசு, முதல் குற்றம், வழக்கு இழுத்த வருஷங்கள் என்று இருந்தால் மனு பலவீனம், நஷ்டஈடு மட்டும்தான் என்றால் அந்தப் பஞ்சாப் தீர்ப்பு உங்கள் பக்கம். லைசென்ஸை முடக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தில் கோர்ட்டுக்கே இருக்கிறது, யாரும் கேட்பதில்லை, அதையும் மனுவில் கேளுங்கள். நீங்கள் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். அது உங்கள் இழப்புக்கு வந்தது, அவருடைய தண்டனைக்கு விலையாக வாங்கியது கிடையாது. தீர்ப்பு நகலுக்கு இன்னும் மனு போடவில்லை என்றால் நாளைக்கே போடுங்கள்.