பதினொரு மணிக்கும் முடியாத வேலைநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிக்குடி. கல்முனையில் ஒரு லீசிங் கொம்பனியில் வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் வீடு வர ஏழு மணியாகிவிடும். வந்த பிறகும் கிளையின் வட்ஸ்அப் குறூப்பில் பதினொரு மணிவரை கலெக்சன் கணக்குக் கேட்டு மெசேஜ் வந்துகொண்டிருக்கும். கணவர் கத்தாரில். அவர் வேலை முடிந்து கோல் எடுக்கும்போது எனக்குப் பதினொன்றரை. மகன் இந்த வருசம் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலசிப் சோதனை எடுக்கிறான். மாமியும் எங்களோடுதான்.

மூன்று மாதமாக இரவு இரண்டரைக்கு விழிப்பு வருகிறது. பிறகு நித்திரை இல்லை. நெஞ்சு படபடக்கிறது. மகனுக்கு அடித்துவிட்டு இருந்து அழுகிறேன். மழை தொடங்கினால் இன்னும் மோசம். மாமி தன்னுடைய நித்திரைக் குளிசையில் பாதி தந்தார். பத்து நாளாகப் போடுகிறேன், அது இல்லாமல் படுக்கவே பயமாக இருக்கிறது. தியானம் செய்யச் சொல்கிறார்கள், இருந்தால் இன்னும் யோசனைதான் வருகிறது. இது மனநோயா? வேலையை விட்டுவிடவா?

பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் குளிசை. மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. மாமியின் அட்டையில் டயசிபாம், குளோனசிபாம் போன்ற பெயர் இருந்தால், அது உடம்பு சீக்கிரம் பழகிப்போகும் வகை. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் தொடராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியர்களின் பொதுவான நடைமுறை. நிறுத்திய முதல் சில இரவுகளில் விழிப்பு முன்பைவிட மோசமாக வரலாம். ‘குளிசை இல்லாமல் என்னால் முடியாது’ என்று நினைப்போம். உண்மையில் அது மருந்து விலகும்போது வரும் எதிர்விளைவு, சில நாட்களில் அடங்கும். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பத்து நாள் பாதிக் குளிசைக்கு அந்த ஆபத்துக் குறைவு. ஆனாலும் நிறுத்துவதா, எப்படிக் குறைப்பது என்பதை வைத்தியர் சொல்லட்டும். கூட்டவே கூட்டாதீர்கள். மாமிக்கு எழுதிக் கொடுத்தது மாமியின் வயதுக்கும் வருத்தத்துக்கும்.

பக்கத்து ஆதார வைத்தியசாலையின் ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்கு, ஒரு காலை போங்கள். அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். படபடப்பு, நித்திரையின்மை, எரிச்சல் மூன்றையும் சேர்த்துச் சொல்லி, இரத்தப் பரிசோதனையும் தைரொய்ட் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். தைரொய்ட் அதிகமாகச் சுரந்தால் நீங்கள் எழுதிய அதே மூன்றும் வரும். இரத்தச்சோகையிலும் நெஞ்சு படபடக்கும், களைப்பு விடாது. யோசனையால்தான் என்று நாமே முடிவுகட்டி வருடக்கணக்கில் விட்டுவிடும் பெண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

இது மனநோயா என்று கேட்டீர்கள். வேலையால் உக்கிப்போவதை (ஆங்கிலத்தில் பேர்ன்அவுட்) உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் நோயாக வைக்கவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் வைத்திருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம்: தீராத களைப்பு, வேலைமேல் வெறுப்பும் விலகலும், எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. மனச்சோர்வு நோய் வேறு. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் மனம் இருண்டு கிடக்கும். பிடித்த எதிலும் சுவை இராது. லீவு நாளிலும் அது விடாது. ஞாயிற்றுக்கிழமை மகனோடு கடற்கரைக்குப் போனால் உங்களுக்குக் கொஞ்சம் லேசாகிறதா? இல்லையென்றால் ஓபிடியில் அதையும் சொல்லி மனநலக் கிளினிக் நாளைக் கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு, அரச வைத்தியசாலையில் காசு இல்லை. நூல் கட்டுவதையோ கோயிலில் நேர்த்தி வைப்பதையோ நான் தடுக்கவில்லை. அதற்காகக் கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருநாளாவது வந்திருந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. அன்றிரவு தனியே படுக்காமல் மாமியை எழுப்புங்கள்.

இனி அந்த இரண்டரை மணி. இரவில் விழிப்பு வருவது கோளாறு அல்ல. நித்திரை ஏறக்குறைய ஒன்றரை மணிநேரச் சுற்றுகளாகப் போகிறது. சுற்றுக்குச் சுற்று எல்லோருக்கும் அரைகுறை விழிப்பு வந்து மறந்துபோகும். உடம்பு பயத்தில் இருந்தால் அந்த அரை விழிப்பு முழு விழிப்பாகிறது. அதற்கடுத்து நாம் செய்வதுதான் பிழை: மணி பார்க்கப் போனை எடுக்கிறோம். மணிக்குக் கீழே குறூப் மெசேஜின் முதல் வரி கிடக்கும். ‘இன்னும் மூன்று மணிநேரம்தான்’ என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஆகவே போன் குசினியில் சார்ஜ் ஏறட்டும். அலாரத்துக்கு ஒரு சின்ன மணிக்கூடு வாங்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

விழித்து ஒரு இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றினால் கட்டிலை விட்டு எழும்புங்கள். மங்கிய வெளிச்சத்தில் கதிரையில் இருந்து உடுப்பு மடியுங்கள், அல்லது சுவாரசியமில்லாத எதையாவது வாசியுங்கள். சமையல் வேலை தொடங்க வேண்டாம், அது விடிந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும். கண் சொருகும்போது மட்டும் திரும்பிப் படுங்கள். படுக்கையில் கிடந்து புரளப் புரள, கட்டிலைக் கண்டாலே விழித்துக்கொள்ள உடம்பு பழகுகிறது. அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இவ்வளவும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும்பும் நேரம் ஒன்றே, ஞாயிறு உட்பட. இதில் ஒரு சிக்கல் உண்டு: முதல் வாரம் பகலில் களைப்பு கூடும். நாலாம் நாள் ‘இது சரிவராது’ என்று விடுபவர்கள்தான் அதிகம். இரண்டு, மூன்று வாரம் பிடித்துக்கொள்ளுங்கள். பகல் நித்திரை வேண்டாம்.

தேத்தண்ணி. குடித்து ஐந்து மணிநேரம் கழித்தும் அதிலுள்ள கஃபீனில் பாதி உடம்பில் நிற்கும். ஏழு மணிக்கு வீடு வந்து குடிக்கும் பிளேன்டீ நடுச்சாமம் வரை வேலை செய்கிறது. கடைசித் தேத்தண்ணியைப் பகல் இரண்டு மணிக்கு முன் முடித்துவிட்டு, பின்னேரத்துக்குக் கொத்தமல்லித் தண்ணி வையுங்கள்.

தியானம் உங்களுக்கு இப்போது சரிவராததில் வியப்பில்லை. பதறிக்கொண்டிருக்கும் மனதோடு கண்ணை மூடி இருந்தால் பதற்றம்தான் பெரிதாகத் தெரியும், சிலருக்கு அது கூடவும் செய்யும். விட்டுவிடுங்கள். பதிலாக மூச்சு: மூக்கால் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம், கண் திறந்தபடி. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெதுவாகும். ‘நன்றாக இழு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெரிய மூச்சாக வேகமாக இழுக்கக் கூடாது. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் விறைக்கும், தலை சுற்றும், இன்னும் பயம் பிடிக்கும். சின்ன மூச்சு, நீண்ட வெளிமூச்சு. படபடப்பு வரும் நேரத்தில் மட்டும் செய்தால் கைகொடுக்காது, சும்மா இருக்கும் நேரத்தில் தினமும் செய்து பழகியிருக்க வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, உங்கள் வேலைநாளுக்கு முடிவே இல்லை என்பது. முன்பு கடைக்கதவை இழுத்துப் பூட்டினால் வேலை முடிந்தது. இப்போது பூட்டு நம் கையில்தான் இருக்கிறது, போடுவதற்குத்தான் பயம். முகாமையாளர் இரவு பத்து மணிக்கு ஏன் கேட்கிறார்? அவருக்கு மேலே இருப்பவர் அவரைக் கேட்கிறார், அவர் கையில் கணக்கு இல்லை. ஆகவே கேட்பதற்கு முன்னே கொடுத்துவிடுங்கள். ஆறு மணிக்கு, ஒரே அமைப்பில் நாலு வரி: இன்று வந்த தொகை, வராத கணக்குகள் எத்தனை, அவர்கள் சொன்ன காரணம், நாளை யாரிடம் போவது. இரண்டு வாரம் தவறாமல் போட்ட பிறகு, மாதத் தொடக்கத்தில் நேரில் சொல்லுங்கள். மாதக் கடைசியில், டார்கெட் நெருக்கும்போது சொன்னால் சண்டையில் முடியும். இப்படிச் சொல்லலாம்: ‘சேர், ஆறு மணிக்குக் கணக்கு முழுதும் போட்டுவிடுகிறேன். எட்டு மணிக்குப் பிறகு வரும் மெசேஜுக்குக் காலை எட்டரைக்குப் பதில் தருவேன். அவசரம் என்றால் கோல் எடுங்கள், எடுப்பேன்.’ ஒன்றும் சொல்லாமல் குறூப்பை மியூட் செய்வதுதான் பலர் செய்யும் தவறு. அதை ‘பொறுப்பில்லை’ என்றுதான் படிப்பார்கள். கோல் எடுங்கள் என்று சொன்னதும் அவசரங்கள் குறைந்துவிடும். மெசேஜ் தட்டுவது சுலபம், பத்து மணிக்கு ஒரு பெண்ணின் போனுக்குக் கோல் எடுக்க யாரும் யோசிப்பார்கள்.

உங்கள் பக்கம் என்ன இருக்கிறது என்றும் தெரிந்திருங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம், சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு. முழு வருடம் வேலை செய்தவருக்கு அடுத்த வருடம் 14 நாள் ஆண்டு லீவு, அதில் 7 நாள் தொடர்ச்சியாக. அதுபோக 7 நாள் கசுவல் லீவு. இதைச் சொல்லி நாளைக்கே சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம், இரவு பதில் போட்ட நேரம் மூன்றையும் ஒரு மாதம் எழுதி வையுங்கள். பேச வேண்டி வந்தால் நினைவைவிடக் கொப்பி பெரிது. தொடர்ச்சியாகக் கிடைக்கும் அந்த 7 நாள் ஆண்டு லீவையும் எடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு லீவு கேட்க நாம் யாரும் கூச்சப்படுவதில்லை. அம்மனைக் குளிரவைக்கக் குளிர்த்தி பாடும் ஊரில் நமக்கு மட்டும் குளிர்மை தேவையில்லை என்று யார் சொன்னது?

பஸ்ஸை வீணாக்காதீர்கள். கந்தோரில் கடைசிப் பத்து நிமிடம் நாளைய மூன்று வேலைகளை எழுதி வைத்துவிட்டு ஏறுங்கள். கல்லாற்றுப் பாலம் வரை வேலையைப் பற்றி எவ்வளவும் யோசிக்கலாம். பாலம் தாண்டினால் போன் பைக்குள். அப்படியும் வீட்டுக்குள் வந்துவிடும் யோசனைக்கு, சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் மேசையில் ஒதுக்குங்கள். தாளின் ஒரு பக்கம் நாளை ஏதாவது செய்யக்கூடியவை, பக்கத்தில் முதல் அடி என்ன என்று ஒரு வரி. மறுபக்கம் நம் கையில் இல்லாதவை. இரண்டரைக்கு அதே யோசனை வந்தால், ‘எழுதியாயிற்று’ என்று சொல்லத் தாள் இருக்கும்.

கணவரின் கோல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கத்தார் நம்மைவிட இரண்டரை மணிநேரம் பின்னால். அவருக்கு ஒன்பது, உங்களுக்குப் பதினொன்றரை. அவர் அதிகாலை நாலரைக்கு வேலைக்கு ஆயத்தமாகிறவர் என்றால் உங்களுக்கு ஏழு மணி: பத்து நிமிடம் பேசலாம், மகனும் இருப்பான். நீண்ட பேச்சு வெள்ளிக்கிழமைக்கு. அங்கே லீவு, அவருக்கு மாலை ஐந்தரை என்றால் உங்களுக்கு எட்டு. ஆனால் காரணத்தை முதலில் சொல்லுங்கள். சொல்லாமல் நேரத்தை மாற்றினால் தூரத்தில் இருப்பவர் மனம் வேறெதையோ நினைக்கும்.

மழை பற்றி: 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடலும் பார்த்த கரை இது. மாரியில் மனம் கலங்குவதை நோய் என்று எண்ண வேண்டாம். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, மாமியின் கிளினிக் கொப்பி, ஒரு வார மருந்து, டோர்ச் இவற்றைப் பொலித்தீனில் சுற்றி ஒரு பையில் வைத்துவிடுங்கள். வானிலை அறிவிப்பைக் காலை ஒன்று, மாலை ஒன்று பாருங்கள். பார்வர்ட் மெசேஜ் வேண்டாம். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

மகனிடம் போய், ‘அடித்தது அம்மாவின் பிழை, அம்மாவுக்கு நித்திரை இல்லை, உன்னால் இல்லை’ என்று சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளை தாயின் களைப்புக்குத் தன்னைத்தான் காரணமாக வைத்துக்கொள்ளும். ரியூசனில் ஒன்றைக் குறைத்தால் ஸ்கொலசிப் போய்விடாது.

வேலையை விடுவதா என்பதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் நித்திரை இல்லாதவர் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் அது நித்திரையின்மை எடுத்த முடிவு. ஆறு வாரம் கழித்து எழுதுங்கள்: வாரத்தில் எத்தனை இரவு முழித்தீர்கள், எட்டு மணிக்குப் பிறகு எத்தனை கோல் வந்தது, முகாமையாளர் என்ன சொன்னார். மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் இல்லையென்றால், வேறு வேலை தேடுவதைப் பற்றி அந்தக் கடிதத்தில் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா