அம்மா எதுக்கு பாஸ்போர்ட் ரினியூ பண்ணாங்க?

கேள்வி: அக்கா, நானும் என் மனைவியும் வேளச்சேரில இருக்கோம், ரெண்டு பேருக்கும் ஐடி வேலை. கல்யாணமாகி 10 வருஷம் ஆகுதுன்னு அக்டோபர்ல ஜெர்மனில மோசெல்ங்கற ஒயின் ஊருக்கு பத்து நாள் ப்ளான் போட்டிருக்கோம். எங்ககூட இருக்கிற அம்மாகிட்ட ஆபீஸ் ட்ரெயினிங்னு சொல்லியாச்சு, பொண்ணை அவங்க பாத்துக்குவாங்க. அவங்களுக்கு முட்டி வலி, மலை ஊருக்கெல்லாம் வர முடியாது, ஒயின்னு தெரிஞ்சா வருத்தப்படுவாங்க. பாஸ்போர்ட் மட்டும் போன வருஷம் அவங்களாவே ரினியூ பண்ணி வச்சிருக்காங்க, எதுக்குன்னு தெரியல. மனைவி ஃபோட்டோ போட்டா மாட்டிக்குவோமோன்னு பயமா இருக்கு, எப்படி சமாளிக்கிறது? மோசெல்லா, பிரான்ஸ்ல இருக்கிற அல்சாஸ்ங்கற ஒயின் ஊரா, எது பெட்டர்?

பதில்: தம்பி, இதே லெட்டர் எனக்கு மாசத்துக்கு ரெண்டு வருது, ஊர் பேர் மட்டும்தான் மாறும், ஒருத்தருக்கு பாங்காக், இன்னொருத்தருக்கு பாலி. ஃபோட்டோவை எப்படி மறைக்கறதுன்னு நான் சொல்லித் தர மாட்டேன்.

"எதுக்குன்னு தெரியல"ன்னு எழுதியிருக்கீங்களே, அதைத்தான் நான் நாலு தடவை படிச்சேன். முட்டி வலி இருக்கிற அம்மா, தாம்பரமோ சாலிகிராமமோ ஒரு பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய், டோக்கன் வாங்கி உக்காந்து, ஒவ்வொரு கவுன்ட்டரா எழுந்து போய், விரலை வச்சு, 1500 ரூபாய் கட்டி அதை வாங்கியிருக்காங்க. கூட யாரு போனா? ஃபார்மை யாரு ஆன்லைன்ல போட்டுக் குடுத்தா? நீங்க இல்லன்னு உங்க லெட்டரே சொல்லுது. ஒரு வருஷமா பீரோல இருக்கு, ஒரே வீட்டுல இருந்துகிட்டு "எதுக்கும்மா?"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா பதில் வந்துடும், வந்தா டிக்கெட் போடணும், அந்த பயம்தானே?

இதுல பொண்ணை வேற அவங்க பாத்துக்கணும். பொய்யைச் சொல்லிட்டு அதே ஆளை ஆயா வேலைக்கும் வைக்கிறீங்க, எனக்கு கோவம் வந்ததே இங்கதான். புருஷன் பொண்டாட்டி தனியா ஊருக்குப் போறது தப்பே இல்ல, ஆனா நேரா சொல்லிட்டுப் போகணும்.

நானும் சொல்லியிருக்கேன் இந்த மாதிரி பொய். கல்யாணமான புதுசுல ஊட்டிக்குப் போயிட்டு வந்து திருச்சில ஃப்ரெண்டு கல்யாணம்னு மாமியார்கிட்ட சொன்னேன், பைக்குள்ள வர்க்கி பாக்கெட்டை மறந்துட்டேன். அவங்க ஒண்ணுமே கேக்கல, சாயங்காலம் காபில ரெண்டு வர்க்கியை முக்கி சாப்பிட்டுட்டு, "திருச்சிலயும் இப்ப நல்ல வர்க்கி கிடைக்குது போல"ன்னாங்க. அவ்ளோதான். முப்பது வருஷமாகியும் எனக்கு வர்க்கி தொண்டைல இறங்காது.

சரி, மலை ஊர் முடியாதுன்னீங்களே, மோசெல்ல யாரு மலை ஏறச் சொன்னா? ப்ரெம்ங்கற ஊர்ல கால்மாண்ட்னு ஒரு சரிவு இருக்கு, 60 டிகிரிக்கு மேல செங்குத்து, அங்க திராட்சை பறிக்கறவங்களே ஒத்தை தண்டவாளத்துல ஓடுற குட்டி வண்டில உக்காந்துதான் ஏறுவாங்க. அதை கீழ இருந்து பாத்தா போதும். மோசெல்ங்கறது ஒரு ஆத்தோட பேரு, ஊரெல்லாம் அந்த ஆத்தோரம் சமதளத்துலதான் இருக்கு, அக்டோபர்ல படகும் ஓடும், உக்காந்த இடத்துலயே ரெண்டு பக்கமும் தோட்டம் தெரியும். அவ்ளோ குளிர்ற ஊர்ல திராட்சை பழுக்கறதே சரிவுல கிடக்கிற கறுப்பு ஸ்லேட் கல்லாலதான், பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி விடும், வெயில்ல காஞ்ச நம்ம மொட்டை மாடி ராத்திரி பதினொரு மணிக்கும் கொதிக்குமே அந்த மாதிரி. அம்மாவுக்கு ஸ்வெட்டரும் சாக்ஸும் மட்டும் மறக்காதீங்க.

ஒயினுக்கு வருத்தப்படுவாங்களா? படட்டுமே, ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க, அதைத் தாங்க முடியலன்னா நாப்பது வயசு எதுக்கு? அந்த ஆத்தோரத்துல பெர்ன்காஸ்டல்னு ஒரு ஊர், அதோட சந்தைச் சதுக்கத்துல பாட்டியும் பேத்தியும் கேக் சாப்பிடட்டும், நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே ஒரு மணி நேரம் ரீஸ்லிங்ங்கற வெள்ளை ஒயினை டேஸ்ட் பண்ணிட்டு வாங்க, கபினெட்னு கேளுங்க, ஆல்கஹால் கம்மியா இருக்கும். அறுவடை சமயத்துல ஃபெடர்வைஸர்னு இன்னும் பொங்கிகிட்டே இருக்கிற புது ஒயின் வரும், மூடியை இறுக்கி மூடக்கூட முடியாது, நம்ம கள்ளு மாதிரின்னு சொன்னா அம்மாவுக்கே புரியும். அவங்களுக்கு திராட்சை ஜூஸ் வாங்கிக் குடுங்க.

அல்சாஸும் நல்ல ஊர்தான், ஆனா நீங்க மோசெல்லுக்கே போங்க, அதுக்கு எனக்கு ஒரு காரணம் இருக்கு. பெர்ன்காஸ்டலுக்கு எதிர்க்கரைல கூஸ்னு ஒரு ஊர், அந்த ஊர்ல பொறந்த நிகோலஸ்னு ஒரு கார்டினல், அதாவது கத்தோலிக்க சபைல போப்புக்கு அடுத்த பெரிய பதவில இருந்தவர், 1458-ல தன் சொத்தை எழுதி வச்சு வயசான ஏழைங்க 33 பேர் தங்க ஒரு இல்லம் ஆரம்பிச்சார். இன்னிக்கும் அது முதியோர் இல்லமாத்தான் நடக்குது, அதுக்குன்னு சொந்தமா திராட்சைத் தோட்டமும் இருக்கு. அந்த ஊர் ஒயினைக் குடிச்சுகிட்டே வீட்டுல இருக்கிற அம்மாவுக்கு 'ட்ரெயினிங் நல்லா போகுதும்மா'ன்னு வாட்ஸ்அப் பண்ணுவீங்களா?

பணம் பத்தலன்னா பத்து நாளை ஆறு நாளாக்குங்க. இன்னிக்கு ராத்திரி சீரியல் முடிஞ்சதும் பீரோலேர்ந்து அந்த பாஸ்போர்ட்டை எடுத்து அவங்க மடியில வச்சு, முதல்ல ட்ரெயினிங் பொய்யைச் சொல்லிடுங்க, அப்புறம் எதுக்கு ரினியூ பண்ணீங்கன்னு கேளுங்க, கேட்டுட்டு வாயை மூடிகிட்டு உக்காருங்க. நான் வரலப்பா நீங்க போயிட்டு வாங்கன்னு அவங்களே சொன்னா தாராளமா ரெண்டு பேரா கிளம்புங்க, ஃபோட்டோவும் போடுங்க. விசா அப்பாயின்ட்மென்ட் ரெண்டு பேருக்கா நாலு பேருக்கான்னு அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.