15 கிராம் கஞ்சா, 40,000 ரூபாய் தரகர்

கேள்வி: எங்களுக்கு வள்ளியூர்ப் பக்கம். மகனுக்கு 22 வயது, பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறான். வண்ணார்பேட்டையில் போலீஸ் சோதனை போட்டபோது சட்டைப் பையில் 15 கிராம் கஞ்சா இருந்ததாம். வழக்குப் போட்டு ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். கோர்ட் பக்கம் டீக்கடையில் ஒருவர், “40,000 கொடுங்க அண்ணாச்சி, எஃப்ஐஆர்ல இருந்து பேரையே எடுத்துரலாம்” என்கிறார். கொடுக்கலாமா? பையன் ஜெயிலுக்குப் போய்விடுவானா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எஃப்ஐஆர் பதிவானதுமே அது நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதிலிருந்து பெயரை உருவ ஸ்டேஷனில் யாராலும் முடியாது, டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரால் நிச்சயம் முடியாது.

ஜெயில் பயம் உங்களை ஆட்டுகிறது, அதைத்தான் அவர் காசாக்குகிறார். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா 1 கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனே கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். அந்தக் கடுமை 20 கிலோவுக்கு மேல் பிடிபடும் வணிக அளவுக்கு.

இந்தத் தரகர்களின் இன்னொரு வேலை இதைவிட மோசம். ஓர் அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்த சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். பணத்தை வாங்கிய ஆள், “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிருங்க, அதோட முடிஞ்சிரும்” என்றிருக்கிறார். பையனும் தலையாட்டிவிட்டான். முடியவில்லை. ஒப்புக்கொண்டு கட்டும் அபராதமும் தண்டனைதான். அரசு வேலை விண்ணப்பத்தில் அதை எழுதியாக வேண்டும். மறுபடி மாட்டினால் தண்டனை ஒன்றரை மடங்கு வரை ஏறும்.

உங்கள் வழக்கறிஞரிடம் ஒன்றைக் கேளுங்கள். உடம்பைச் சோதிக்கும் முன், “மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவு அதிகாரி முன்னிலையில் சோதிக்கச் சொல்ல உனக்கு உரிமை உண்டு” என்று பையனிடம் சொன்னார்களா? சட்டைப் பையில் எடுத்ததால் இது முக்கியம். பல வழக்குகள் இங்கேதான் உடைகின்றன.

அப்புறம் அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு. இதைப் பொறுமையாகப் படியுங்கள். பழக்கத்துக்கு அடிமையானவர், சிறிய அளவு வழக்கில் சிக்கியவர், தானே முன்வந்து சிகிச்சைக்குப் போனால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது. மூன்று நிபந்தனைகள். அவர் உண்மையிலேயே அடிமையாக இருக்க வேண்டும். என்றோ ஒருநாள் இழுத்தவருக்கு இது பொருந்தாது. அரசு மருத்துவமனையாகவோ அரசு அங்கீகரித்த இடமாகவோ இருக்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் முதலில் காட்டுங்கள். “எங்க சென்டர்ல சேர்த்தா கேஸ் போயிரும்” என்று வரும் ஆளிடம் அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள், பையனை உள்ளே வைத்துப் பூட்டி மாதக் காசு வாங்கும் வீடுகளும் உண்டு. மூன்றாவது, சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துவிடலாம்.

கஞ்சா நல்லது என்று நான் சொல்லவில்லை. இளவயதில் சிலருக்கு மனதையே குலைத்துவிடும். ஆனால் 22 வயது ஆள் தன் உடம்புக்குச் செய்துகொள்ளும் கெடுதலுக்கு லத்தி எதற்கு? அதே வயதுக்காரருக்கு அரசே டாஸ்மாக்கில் பாட்டில் விற்கிறது. இந்தச் சட்டம் வருமுன் பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளே இருந்தன. போர்ச்சுகல் 2001-இல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் கிரிமினல் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. விற்பவர்களை இன்றும் பிடிக்கிறது. இங்கே பையில் 15 கிராம் வைத்திருந்தவன் கோர்ட் படியேறுகிறான், அவன் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. தடை இருக்கும்வரை அந்த டீக்கடை பெஞ்சும் காலியாகாது.

சரி, இன்றைக்கு மகனிடம் தனியாகப் பேசுங்கள். அடிக்க வேண்டாம். “விட முடியலையா, சும்மா பழகிப் பார்த்தியா?” என்று கேளுங்கள். விட முடியவில்லை என்றால் 64ஏ. இல்லை என்றால் எதிலும் கையெழுத்துப் போடாமல், எதையும் ஒப்புக்கொள்ளாமல் வழக்கை நடத்துங்கள்.