ஒளி பாய்ச்சிப் புற்றை அழிக்கும் நானோ மருந்து வருகிறதாமே, அதுவரை ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா?

தள்ளிப் போடாதீர்கள். யாருக்கு என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் யாரோ கத்திக்குப் பயப்படுகிறார் என்றே நினைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இந்த நானோ மருந்தைச் சுமக்கும் மிகச் சிறிய துகள்களைத்தான் செய்துகொண்டிருந்தேன். ரத்தத்தின் பிஎச் 7.4 (பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). புற்றுக்கட்டியைச் சுற்றி அது 6.5 வரைகூட இறங்கும்; செல்லுக்குள் துகள் போய்ச் சேரும் பைகளில் இன்னும் புளிப்பு, 5 பக்கம். அந்தப் புளிப்பு பட்டால் அறுந்துபோகும் பிணைப்பில் மருந்தைக் கட்டி அனுப்புவோம். வெளியே வந்த மருந்தின் மேல் சிவப்பு ஒளி விழுந்தால், அங்குள்ள ஆக்சிஜன் வீரியமாகிச் செல்லைக் கொல்லும்.

ஒரு பொங்கலுக்குத் திருமங்கலம் போனபோது மாமாவிடம் இதைப் பெருமையாக விளக்கினேன். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். அடுத்த ஆடியில் கன்னத்தில் ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்தால் புற்று. "கத்தி வேணாம் மாப்ள, நீ செய்யுற லைட்டு வைத்தியம் வரட்டும்" என்றார். அது எலியையே தாண்டவில்லை மாமா என்று கெஞ்சினேன். மூன்று மாதம் போய்விட்டது. கடைசியில் தாடை எலும்பிலும் ஒரு பகுதியை எடுத்தார்கள். இன்று இருக்கிறார், கூழும் பாலில் கரைத்த இட்லியும்தான் சாப்பாடு. அத்தை இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒளி சிகிச்சையே பொய் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்துக்குக் கனடா 1993-லேயே அனுமதி தந்தது. அமெரிக்கா 1995-ல், உணவுக்குழாய்ப் புற்றுக்கு. ஆனால் அது புளிப்பு பார்த்து உடையும் துகளில் போவதில்லை. தோலிலும் தங்கிவிடுவதால், ஊசி போட்டபின் ஒரு மாதமாவது வெயில் படக்கூடாது. மதுரை வெயிலில் அது எவ்வளவு கஷ்டம்! அந்தக் குறையைத் தீர்க்கத்தான் எங்கள் துகள். ஒளியும் சதைக்குள் ஒரு சென்டிமீட்டர் போனாலே அதிகம்.

ஏன் இன்னும் எலியிலேயே நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. எனக்கு உதவித்தொகை எட்டு மாதம் வரவில்லை. அக்காவின் வளையலை அடகு வைத்துத்தான், துகளில் கட்டும் அந்த ஒளி மருந்துச் சாயத்தை வாங்கினேன். அதைப் பற்றி யாரும் செய்தி போடவில்லை.

சரி, உங்கள் விஷயம். பயாப்ஸி ரிப்போர்ட்டையும், இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒளி சிகிச்சை இவருக்குப் பொருந்துமா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே ஆபரேஷன் தேதி வாங்கிவிடுங்கள்.