கேப்டனின் அப்பா ஏன் அவசரப்படுத்தினார்?

(வாசகர் கேள்வி பதில். இந்த முறை விண்கலக் கதைகளும் மனப்பிரமையும்.)

'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரில் கேப்டன் ஜேன்வே செத்துப்போய், ஏற்கெனவே இறந்த அப்பாவோடு பேசுகிற எபிசோட் பார்த்தேன். அழுதுகொண்டே பார்த்தால், கடைசியில் எல்லாம் ஒரு வேற்றுலக ஜந்து காட்டிய பிரமை என்று முடித்துவிட்டார்கள். இது பார்க்கிறவரை ஏமாற்றுவது இல்லையா?
— கல்லூரி மாணவி, ஈரோடு

இல்லை என்றுதான் சொல்வேன். நீங்கள் சொல்வது 1997 ஜனவரியில் வந்த 'கோடா'. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜேன்வேயும் அவரது துணைத் தளபதி சக்கோட்டேயும் ஒரு சிறிய ஷட்டிலில் போகிறார்கள், விபத்து. அதற்கப்புறம் ஜேன்வே திரும்பத் திரும்பச் சாகிறார். ஒருமுறை எதிரிகள் கையில், ஒருமுறை ஷட்டில் வெடித்து, ஒருமுறை குணமாகாத நோய் வந்து கப்பலின் டாக்டரே கருணைக்கொலை செய்து. கடைசியில் ஆவியாக நின்று, தன் உடலை சக்கோட்டே பிழைக்கவைக்கப் போராடுவதையும், கப்பலில் தனக்கு நடக்கும் அஞ்சலிக் கூட்டத்தையும் பார்க்கிறார். அப்போதுதான் அட்மிரல் சீருடையில் அப்பா வருகிறார். "நீ இறந்துவிட்டாய், என்னோடு வா" என்கிற பேச்சு.

இது வெறும் கனவு என்று சொல்லி முடித்திருந்தால் உங்கள் கோபம் சரி. ஆனால் இந்தக் கதை பிரமைக்குள்ளேயே ஒரு தடயத்தை வைத்திருக்கிறது. அந்த அப்பா அவசரப்படுகிறார். செத்துப்போன ஆளுக்கு என்ன அவசரம்? ஜேன்வே இன்னும் கொஞ்ச நேரம் தன் ஆட்களோடு இருக்கிறேன் என்றால், அது உனக்கு வேதனைதான் தரும், வா, வா என்கிறார். அங்கேதான் மகளுக்குச் சந்தேகம் வருகிறது. நிஜ அப்பா அவரைப் பொத்திப் பொத்தி வளர்த்தவர் இல்லை, உன் பாடத்தை நீயே கற்றுக்கொள் என்று விட்டவர். வலியிலிருந்து மகளைக் காப்பாற்றத் துடிக்கிற இவர் யார்? முகமும் குரலும் உடையும் அச்சு அசல் அப்பா, குணம் மட்டும் இல்லை. அந்த ஜந்துவுக்கு அவர் சம்மதிக்க வேண்டும், வலுக்கட்டாயமாக இழுத்துப்போக அதற்கு முடியாது. அதனால்தான் இத்தனை கெஞ்சல். இரண்டாம் முறை பாருங்கள், அந்த அவசரம் முதலிலிருந்தே தெரியும்.

அதே எபிசோட் பற்றி: ஜேன்வே தானே தப்பித்தாரா, மற்றவர்கள் காப்பாற்றினார்களா? நண்பர்களுக்குள் பெரிய சண்டை.
— மதுரை

சண்டையில் நான் சக்கோட்டே பக்கம்.

பிரமையைக் கண்டுபிடித்தது ஜேன்வேயின் புத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க நிஜத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? விபத்தான கிரகத்தின் தரையில் அவர் கிடக்கிறார், சக்கோட்டே விடாமல் மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கிறார், அப்புறம் டாக்டரும் பாதுகாப்பு அதிகாரி டூவாக்கும் வந்து சேர்கிறார்கள். அந்தக் காட்சிகள் பிரமையின் நடுவே துண்டு துண்டாக ஜேன்வேக்குத் தெரிகின்றன. "இவை உன் மூளை கடைசி நேரத்தில் உண்டாக்குபவை, நம்பாதே" என்கிற மாதிரி போலி அப்பா சமாளிக்கப் பார்க்கிறார். வெளியே இருந்து அந்தக் குரல்கள் வராமல் இருந்திருந்தால், உள்ளே இருக்கிற சந்தேகம் மட்டும் எத்தனை நேரம் தாங்கியிருக்கும்? தனக்குள் மாட்டிக்கொண்ட ஒருவரிடம் "நீயே யோசித்து வெளியே வா" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, யோசிக்கிற அந்த இடம்தானே பிடிபட்டிருக்கிறது.

இதே கதையில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு பேச்சு இருக்கிறது. அப்பா ஒரு விபத்தில், துருவப் பனிக்கு அடியில் மூழ்கி இறந்தபோது ஜேன்வே மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழவில்லை, பகலெல்லாம் தூங்கிக் கழித்தார், தங்கை ஃபீபிதான் பிடிவாதமாக அவரை எழுப்பி வெளியே கொண்டுவந்தார். அதாவது இவர் முன்பே ஒருமுறை இப்படி இழுத்து மீட்கப்பட்டவர். அந்த வரியைச் சும்மா எழுதியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

நிஜ விண்வெளிப் பயணத்தில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் என்ன செய்வார்கள்? துப்பாக்கியா வைத்திருக்கிறார்கள்?
— திருச்சி

துப்பாக்கி இல்லை. டேப் இருக்கிறது.

இந்தப் பயம் மனிதன் விண்வெளிக்குப் போன முதல் நாளிலேயே இருந்தது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பறந்தபோது, எடையற்ற நிலையில் மனிதனுக்கு மூளை கலங்கிவிடுமோ என்று சோவியத் மருத்துவர்களுக்குக் கவலை. கலங்கிய நிலையில் கலத்தை ஏதாவது செய்துவிட்டால்? அதனால் வஸ்தோக் கலத்தின் கைக் கட்டுப்பாட்டைப் பூட்டிவைத்தார்கள். திறக்க மூன்று இலக்க எண், அது ஒட்டிய உறைக்குள் இருக்கும். உறையைப் பிரித்து, எண்ணைப் படித்து, சரியாக அழுத்த முடிந்தால் ஆள் தெளிவாக இருக்கிறார் என்று அர்த்தம். எண் 125. ஆனால் கூட இருந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக, தலைமை வடிவமைப்பாளர் கொரோலெவ் உட்பட, பறப்பதற்கு முன்பே ககாரினிடம் எண்ணைச் சொல்லிவிட்டார்கள். விதியை உடைத்தவர்கள்தான், ஆனாலும் எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

இன்றைய விஷயத்துக்கு வருவோம். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு நாசா வைத்திருக்கும் மருத்துவக் கையேட்டில் இதற்கென்று வழிமுறை உண்டு, 2007இல் அது செய்திகளில் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவரின் மணிக்கட்டையும் கணுக்காலையும் டக்ட் டேப்பால் கட்ட வேண்டும், உடலை இழுத்தால் நீளும் பங்கீ கயிற்றால் பிணைத்து நிறுத்த வேண்டும், தேவையானால் அமைதிப்படுத்தும் மருந்தை மாத்திரையாகவோ ஊசியாகவோ தர வேண்டும். அப்போது பத்திரிகைகள் டேப்பையே தலைப்பாக்கி வேடிக்கை செய்தன. எனக்கு அதிலே பெரிதாகப் பட்டது வேறு. கட்டிக்கொண்டிருக்கும்போதே அவரோடு பேசிக்கொண்டே இரு, என்ன செய்கிறாய் என்று சொல், இது உன் பாதுகாப்புக்காக என்று விளக்கு என்கிறது அந்தக் கையேடு. நானூறு கிலோமீட்டர் உயரத்தில், ஆம்புலன்ஸ் வர முடியாத இடத்தில், பயந்துபோன ஒரு ஆளிடம் பேச்சை நிறுத்தாதே என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த அளவுக்குப் போகாமல் இருக்கத்தான் மற்ற ஏற்பாடுகள். நிலையத்தில் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூமியில் உள்ள மனநல நிபுணரோடு தனியாகப் பேசுகிறார்கள், அது மற்ற யாருக்கும் கேட்காது. குடும்பத்தோடும் பேச முடியும்.

ஸ்டார் ட்ரெக்கில் கனவு வராததால் மொத்தக் கப்பலும் தடுமாறுகிற கதை ஒன்று உண்டே, அது சாத்தியமா?
— செவிலியர், தஞ்சாவூர்

'நைட் டெரர்ஸ்', 1991, 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர். எண்டர்பிரைஸ் கப்பல் விண்வெளியில் ஒரு பிளவில் மாட்டிக்கொள்கிறது, அதன் மறுபக்கம் மாட்டிக்கொண்ட வேற்றுலகத்தார் மனதின் வழியாக உதவி கேட்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல் அந்தச் செய்தி மனிதர்களின் கனவைத் தடுத்துவிடுகிறது. பிணவறையில் டாக்டர் க்ரஷரைச் சுற்றிப் பிணங்கள் எழுந்து உட்காரும் காட்சி ஒன்று போதும், ராத்திரி பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் ஓடவில்லை, கண்ணை மூடி இது நிஜமில்லை என்று தன்னை நிறுத்திக்கொள்கிறார். பாதுகாப்பு அதிகாரி வோர்ஃப் அப்படி இல்லை, பயத்தைத் தாங்க முடியாமல் தற்கொலை வரைக்கும் போகிறான், கப்பலின் மனநல ஆலோசகர் ட்ராய் வந்து தடுக்கிறார். அத்தனை பேரிலும் பலசாலிக்குத்தான் இந்த நிலை.

தூக்கமின்மை பிரமையைத் தரும் என்பது உண்மை. 1959இல் நியூயார்க் வானொலி அறிவிப்பாளர் பீட்டர் டிரிப், டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து 201 மணி நேரம் விழித்திருந்தார். பல நாள் ஆனதும் இல்லாத சிலந்திகள் தெரிந்தன, ஒரு மருத்துவரைப் பார்த்துத் தன்னைப் புதைக்க வந்தவர் என்று நினைத்து ஓடினார். ஆனால் கதை சொல்கிற மாதிரி 'கனவு' மட்டும் நின்றால் புத்தி பேதலிக்குமா என்றால், அது அறிவியலில் தேறவில்லை. 1960இல் வில்லியம் டிமென்ட் கனவுத் தூக்கத்தைத் தடுத்துச் செய்த ஆய்வுக்குப் பின் அப்படி ஒரு எண்ணம் பரவியது, பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் கனவுத் தூக்கத்தை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன, அவற்றைச் சாப்பிடுபவர்கள் அதனால் தடுமாறுவதில்லை. இரவுப் பணி பார்க்கும் உங்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பதால் சொல்கிறேன். மொத்தத் தூக்கத்தைக் குறைப்பதுதான் ஆபத்து.

விண்வெளியில் அது நிஜப் பிரச்சினை. நிலையம் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, நாளுக்குப் பதினாறு சூரியோதயம். அங்கே பலர் ஆறு மணி நேரம் போலத்தான் தூங்குகிறார்கள், முக்கால்வாசிப் பேர் தூக்க மருந்து எடுத்திருக்கிறார்கள் என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. 2016 முதல் உள்ளே விளக்குகளையே மாற்றி, தூங்கும் நேரத்தில் நீல ஒளியைக் குறைக்கிறார்கள்.

இன்னொன்று. அந்தக் கதையில் தூக்கமே தேவைப்படாத இயந்திர மனிதன் டேட்டா கப்பலைப் பார்த்துக்கொண்டு, முடிவில் கேப்டனையே போய்த் தூங்கச் சொல்லி ஆணையிடுகிறான். எல்லோரும் தடுமாறும்போது தடுமாறாத ஒருவர் வேண்டியிருக்கிறது.

விண்வெளி வீரர்கள் கண்ணை மூடினாலும் வெளிச்சம் பார்த்தார்களாமே, அது பிரமையா?
— பள்ளி மாணவன், நாகர்கோவில்

இல்லை தம்பி, அது நிஜம். அப்பல்லோ 11 பயணத்தில் பஸ் ஆல்ட்ரின் இதைச் சொன்னார், அப்புறம் மற்றவர்களும் சொன்னார்கள். அண்டக் கதிர்கள் கண்ணுக்குள் புகுந்து விழித்திரையைத் தொடும்போது மின்னல் மாதிரித் தெரிகிறது. இதைச் சோதிக்க அப்பல்லோ 16, 17 பயணங்களில் தனித் தலைக்கவசமே அனுப்பினார்கள். விசித்திரமாகச் சொல்கிறவர் எல்லாம் கற்பனை செய்கிறார் என்று முடிவுகட்டாமல் ஆராய்ந்ததால்தான் இது தெரிந்தது.

மொத்தக் கப்பலே ஏமாறும்போது ஒருவர் மட்டும் ஏமாறாமல் இருப்பது கதைக்காகச் செய்வதுதானே?
— சென்னை

டேட்டாவை வைத்துக் கேட்டால் ஆமாம், இயந்திரம் என்பதால் எளிதாகத் தப்பித்துவிட்டான். ஆனால் வாயேஜரின் 'ப்ளிஸ்' (1999) பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கப்பலையே விழுங்கும் ஒரு ராட்சத உயிரினம், மனதைப் படித்து அவரவர் ஆசையைக் காட்டுகிறது. பூமியிலிருந்து வெகுதூரத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக ஏங்கும் எல்லோருக்கும் பூமிக்கு ஒரு குறுக்குவழி தெரிகிறது, வீட்டிலிருந்து கடிதம்கூட வருகிறது. தப்பிப்பவர்கள் யார்? டாக்டர் ஒரு ஹோலோகிராம், கணினி ஒளியால் உருவாக்கிய ஆள், அவரை விடுங்கள். கப்பலில் பின்னால் வந்து சேர்ந்த செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணுக்குப் பூமிக்குப் போகும் ஆசை இல்லை. சிறுமி நவோமி வாயேஜரில் பிறந்தவள், அவளுக்குக் கப்பல்தான் வீடு. தூண்டில் போட அவர்களிடம் இடமே இல்லை. அறிவும் பதவியும் கேப்டனுக்கு இருந்தும் ஏமாறுகிறார், ஏக்கம் இல்லாத குழந்தை ஏமாறவில்லை. இது கதைக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, இத்தனை எபிசோட்களில் மனிதர்களைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னது குறைவு.

என் தம்பிக்கு (22) சில மாதங்களாகக் குரல்கள் கேட்கின்றன, பக்கத்து வீட்டார் தன் மனதைப் படிக்கிறார்கள் என்கிறான். நான் ஸ்டார் ட்ரெக் பார்ப்பவள், அதனால் உங்களிடம் கேட்கிறேன். பொய் என்று சொல்லிப் புரியவைக்கலாமா?
— பெயர், ஊர் வேண்டாம்

கேட்டது நல்லது அம்மா. தொலைக்காட்சிக் கதையில் ஒரு வாக்கியத்தில் பிரமை உடையும். வீட்டில் அப்படி நடக்காது. "பொய்" என்று வாதாடினால் அவர் உங்களிடமும் சொல்வதை நிறுத்திவிடுவார். அதற்காக "ஆமாம், படிக்கிறார்கள்தான்" என்றும் சொல்லாதீர்கள். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்பது எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது" என்று சொல்லுங்கள். பயத்தைப் பற்றிப் பேசுங்கள், குரல் நிஜமா என்பதைப் பற்றி அல்ல. தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, ஏதாவது போதைப் பழக்கம் உண்டா என்று பாருங்கள்.

அப்புறம் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள், இந்த மாதமே. இது மருந்தால் நன்றாகக் கட்டுப்படும் நோயாக இருக்கலாம், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவிச் சேவை டெலிமானஸின் இலவச எண் 14416, எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். குரல்கள் தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்வதாக அவர் சொன்னால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். உங்களுக்கும் துணைக்கு ஒருவர் வேண்டும், வீட்டில் இன்னும் ஒருவரிடமாவது இதைச் சொல்லிவையுங்கள்.

இந்த மாதிரி எபிசோட்களைப் பார்க்கத் தொடங்க வேண்டும். எதிலிருந்து?
— கோயம்புத்தூர்

'ப்ளிஸ்' முதலில், அதற்கு முன்கதை எதுவும் தேவையில்லை. அடுத்து 'நைட் டெரர்ஸ்'. 1993இல் வந்த 'ஃப்ரேம் ஆஃப் மைண்ட்' கட்டாயம், தான் கப்பலில் இருக்கிறோமா மனநல விடுதியில் இருக்கிறோமா என்று தெரியாமல் எண்டர்பிரைஸின் துணைத் தளபதி ரைக்கர் திணறுவதை ஜொனாதன் ஃப்ரேக்ஸ் அற்புதமாக நடித்திருக்கிறார். 'கோடா'வை மட்டும் அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள், வாயேஜரின் முதல் இரண்டு சீசன் முடித்துவிட்டு வாருங்கள். சக்கோட்டேயையும் ஜேன்வேயையும் அதற்குள் தெரிந்திருந்தால்தான் அந்த மூச்சு கொடுக்கும் காட்சி உங்களை ஏதாவது செய்யும்.