குழிமடியா, மடிக்குழியா?

கேள்வி: மரக்கன்று நடுவதைப் பற்றி என் மகள் எழுதிய கவிதை இது. இதில் என்னென்ன அணிகள் இருக்கின்றன? உவமை எது, உருவகம் எது என்று எனக்கே குழம்புகிறது.

குழிமடியில் அமர்த்தினேன் கன்றை;
பால்குடித்த பிள்ளைபோல் நிமிர்ந்தது.
வெயிலே போ எனச் சொல்லி
இலைக்கை அசைக்கிறது.

பதில்: இரண்டாம் வரியில் சிக்கலே இல்லை. 'போல்' என்ற உருபு வெளிப்படையாக நிற்கிறது, உவமை அணி. 'போல்' இல்லாமலும் உவமை வரும். 'பயன்மரம் உள்ளூர்ப் பழுத்தற்றால்' என்ற குறளில் 'அற்று' அந்த வேலையைப் பார்க்கிறது.

குழப்பம் முதல் வரியில்தான். 'குழிமடி'யை விரித்துப் பாருங்கள்: குழியாகிய மடி. இரண்டும் வேறல்ல, ஒன்றே என்று ஆக்கிவிட்டதால் உருவகம். அதையே 'மடிக்குழி' என்று திருப்பிப் போட்டிருந்தால் மடி போன்ற குழி, அதாவது உவமைத்தொகை. எதனோடு ஒப்பிடுகிறோமோ அது முன்னால் வந்தால் உவமை, பின்னால் போனால் உருவகம். மலர்க்கை, கைமலர் என்று இரண்டையும் சொல்லிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். இலைக்கையும் உருவகமே.

எனக்குப் பிடித்தவை கடைசி இரண்டு வரிகள். 'மரத்தை மனிதனாக்கியிருக்கிறார்' என்று சொல்லிப் பலர் இதைக் கடந்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. இலை அசைவது காற்றினால், இயல்பாக. வெயிலை விரட்டத்தான் அசைகிறது என்று உங்கள் மகள் தானாக ஒரு காரணத்தை அதன்மேல் ஏற்றுகிறார். அதனால் இது தற்குறிப்பேற்ற அணி. வெறுமனே 'மரம் சிரித்தது' என்றால் இந்தப் பெயர் பொருந்தாது, அங்கே இயல்பான நிகழ்வும் இல்லை, ஏற்றிய காரணமும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகள் காற்றில் அசைகின்றன. கோவலனையும் கண்ணகியையும் 'வாராதீர்கள்' என்று கைகாட்டித் தடுப்பதுபோல் அசைகின்றன என்கிறார் இளங்கோவடிகள். அங்கே 'போல்' இருந்தும் அதை உவமை என்று யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா?

அப்புறம், ஒரு வாய்ப்பு நழுவிவிட்டது. 'கன்று' செடிக்கும் பசுவுக்கும் பொதுவான சொல். 'கம்பில் கட்டினேன், நீர் தந்தேன், நிமிர்ந்தது கன்று' என்று எழுதினால் அருமையான சிலேடை. 'தண்ணீர் காட்டினேன்' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அது தொழுவத்துப் பேச்சு, செடி அங்கேயே வாடிவிடும்.