லினக்ஸில் கைமுறையாக நிறுவும் மென்பொருள்களை ஸ்கிரிப்ட் கொண்டு ஏன், எப்படிப் பதிவு செய்ய வேண்டும்?

கைமுறை நிறுவல் என்பது, மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் தொகுப்பு மேலாளரின் துணையின்றி, மூல நிரலை நாமே இயங்கக்கூடிய நிரலாக மாற்றி (கம்பைல் செய்து) ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளையால் கணினியில் சேர்ப்பதாகும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் உள்ள தொகுப்பு மேலாளரான டிபிகேஜி, தான் வைக்கும் ஒவ்வொரு கோப்பையும் குறித்துக்கொள்கிறது. ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளையோ கோப்புகளைப் பெரும்பாலும் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ அடைவுக்குள் நகலெடுப்பதோடு நின்றுவிடுகிறது. நூலகப் பதிவேட்டில் எழுதாமல் வெவ்வேறு அலமாரிகளில் செருகிய புத்தகங்களைப் போல, அவை எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பின்னாளில் கண்டறிவது கடினம்.

அந்தப் பதிவை நமக்காக எழுதும் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு, மிகச் சிறியது. முதலில் ‘டச்’ கட்டளையால் வெற்றுக் கோப்பு ஒன்றை அடையாளமாக உருவாக்கி, அடுத்து நிறுவலை ஓடவிட்டு, இறுதியில் அந்த அடையாளத்திற்குப் பின் மாறிய கோப்புகளை ‘ஃபைண்ட்’ கட்டளையால் தேடி, நாளும் பதிப்பு எண்ணும் சேர்த்து ஒரு உரைக்கோப்பில் எழுதினால் போதும். இங்கே ஒரு நுணுக்கத்தைத் தவறவிடக் கூடாது: சில நிறுவிகள் கோப்பின் பழைய திருத்த நேரத்தை அப்படியே காத்து நகலெடுப்பதால், ‘ஃபைண்ட்’ கட்டளையில் திருத்த நேரத்தைப் பார்க்கும் ‘நியூவர்’ என்னும் தேர்வு அவற்றைக் காணாமல் விட்டுவிடும், நிலைமாற்ற நேரத்தை (கோப்பின் உள்ளடக்கமோ அனுமதி போன்ற விவரமோ கடைசியாக மாறிய நேரத்தை) பார்க்கும் ‘சிநியூவர்’ தேர்வே நம்பகமானது. ஏற்கெனவே இருந்து மேலெழுதப்பட்ட கோப்புகளும் பட்டியலில் வரும் என்பதால், நிறுவலுக்கு முந்தைய பட்டியலையும் சேமித்து வைப்பது நல்லது.

பதிவு எழுதிவிட்டால், டிபிகேஜியைக் கொண்டு மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான ஏபிடி அந்த மென்பொருளை அறிந்துகொண்டு புதுப்பிக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த உரைக்கோப்பை ஏபிடி படிப்பதே இல்லை, புதுப்பிப்பதும் நீக்குவதும் நம் பொறுப்பாகவே இருக்கும்.